ஆதிராவுக்குக் கிடைத்த வேலை

1. பீலிங் மேசையிலிருந்து ஓடிவந்த தாய்

அன்று காலையில் குடித்த கஞ்சி முழுவதையும் ஆதிரா வாந்தி எடுத்தாள். காய்ச்சல் இல்லை, வயிற்றுக் கோளாறும் இல்லை. விடாமல் அழுததனால் வந்த வாந்தி. எங்கள் காப்பகத்தின் உதவியாளர் ரோஸ்லி அக்கா அவளைக் கழுவித் துடைத்து வேறு சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, அவளுடைய தாய் சுஜா ஆலைக்குள்ளிருந்து ஓடிவந்தார். விரல்களில் முந்திரிப் பருப்பின் செந்நிறத் தோல்துகள் அப்படியே ஒட்டியிருந்தது. அந்த வாரத்தில் அவரை நாங்கள் அழைத்தது அது முதல்முறையன்று.

அவருக்குப் பின்னால் மேஸ்திரி சசி அண்ணன் வந்து வாசலில் நின்றார். அவர் கடுமையான மனிதர் அல்லர். ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருந்தது.

“டீச்சரே, நான் ஒண்ணும் பறயல்ல. ஒரு மேசையில ஒருத்தி எந்திச்சுப் போனா, மத்தவளுவளும் சோலிய விட்டுட்டுத் தலையத் தூக்கிப் பாக்காளுவ. மானேஜர் என்னையாக்கும் பிடிச்சுக் கேக்காரு” என்றார்.

சுஜா மகளின் ஈரத் தலையைத் தன் முந்தானையால் துவட்டியபடி என்னிடம் சொன்னார்: “டீச்சர், ஓணம் வரைக்கும் பாப்பேன். அதுக்க பெறவும் இவ இப்படிக் கரைஞ்சான்னா, திருவட்டாத்துல எனக்க நாத்தூன் வீட்டுல கொண்டு விட்டுருவேன். அவியளும் கேட்டுட்டுத்தான் இருக்காவ. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போயிப் பாத்துக்கலாம்.”

சொல்லி முடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கணவர் கேரளத்தில் பால்வெட்டு வேலைக்குப் போயிருந்தார். மாதம் ஒருமுறை ரப்பர்பால் வாசனையோடு வந்து திரும்புவார். வீட்டில் வேறு யாரும் கிடையாது. நான்கு வயதுப் பிள்ளை தன் தாயை வாரத்தில் ஒருநாள் மட்டும் பார்க்கும் நிலை வருமா, வராதா என்பது எங்கள் காப்பகத்தின் பாய்மேல்தான் முடிவாக வேண்டியிருந்தது.

2. இரண்டு அலைகளாக வரும் பிள்ளைகள்

முந்திரி ஆலையை, கேரள எல்லையை ஒட்டிய எங்கள் மேற்கு வட்டங்களில் ‘அண்டி ஆபீஸ்’ என்றுதான் சொல்வார்கள். கருங்கலுக்கு அருகே அப்படியோர் ஆலையை ஒட்டி, வேலைக்கு வரும் தாய்மார்களின் பிள்ளைகளுக்காக அந்தக் காப்பகம் நடந்தது. சமூகப்பணியில் முதுகலை முடித்தபின் எனக்குக் கிடைத்த முதல் நிலையான பணி அங்கேதான். இப்போது நான் வேறு காப்பகங்களைச் சுற்றிப் பார்த்து, புதிதாகச் சேரும் பெண்களுக்குப் பயிற்சி அளிக்கிறேன். அவர்களை மனத்தில் வைத்தே இந்தக் குறிப்பை எழுதுகிறேன்.

ஆலையின் வேலை ஒழுங்கைத் தெரிந்துகொள்ளாமல் அங்கே வந்த பிள்ளைகளைப் புரிந்துகொள்ள முடியாது. வறுத்த கொட்டையை உடைக்கும் பிரிவைப் பெண்கள் ‘தல்லு’ என்பார்கள். தரையில் அமர்ந்து, கொட்டையைக் கல்லின்மேல் வைத்து, கட்டையால் தட்டிப் பருப்பு உடையாமல் எடுக்க வேண்டும். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் கையைக் கறுப்பாக்கும், சிலருக்குப் புண்ணாக்கும். சாம்பலைத் தேய்த்துக்கொண்டு சமாளிப்பார்கள். உடைத்த பருப்பு உலர்த்தும் அறையில் கிடந்து வெளியே வந்த பிறகுதான், தோல் நீக்கும் பீலிங் பிரிவுக்கும் தரம் பிரிக்கும் கிரேடிங் பிரிவுக்கும் வேலை தொடங்கும். அந்தப் பெண்கள் மேசையில் அமர்ந்து செய்வார்கள், கை கறுக்காது.

ஆகவே தல்லுப் பெண்கள் வெள்ளென வந்துவிடுவார்கள். பீலிங், கிரேடிங் பெண்கள் வெயில் ஏறிய பிறகே வருவார்கள். பிள்ளைகளும் அதே கணக்கில் இரண்டு அலைகளாக எங்களிடம் வந்து சேர்வார்கள்.

சுஜா முதலில் தல்லில்தான் சேர்ந்தார். ஆதிராவும் முதல் அலையில் வந்தாள். சாரல் பெய்துகொண்டிருந்த ஒரு காலை. அழத் தயாராக உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றவளை, மற்றொரு தல்லுக்காரப் பெண்ணின் மகள் ஜெஸ்லின் கையைப் பிடித்து இழுத்துப் போய், தம்ளர் வைக்கும் இடம், செருப்பு வைக்கும் இடம், பல்லி இருக்கும் இடம் ஆகிய மூன்றையும் காட்டினாள். பல்லியைப் பார்த்ததும் ஆதிரா அழுகையை மறந்தாள். அதன்பின் இருவருக்கும் ஒரே பாய். மதிய முட்டையில் ஜெஸ்லின் மஞ்சளைத் தின்னமாட்டாள். ஆதிரா வெள்ளையைத் தின்னமாட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே மாற்றிக்கொண்டார்கள்.

சில வாரங்களில் சுஜாவின் உள்ளங்கை முழுவதும் கொப்புளமாயிற்று. சாம்பலும் உதவவில்லை. சசி அண்ணன்தான் மானேஜரிடம் பேசி அவரைப் பீலிங்குக்கு மாற்றிவிட்டார். அது நல்ல காரியம். அதன் விளைவாக ஆதிரா இரண்டாம் அலையில் வரத் தொடங்கினாள். அவளுடைய அழுகையும் அந்த வாரத்தில்தான் தொடங்கியது.

3. சோற்று நேரத்து வழக்கு

பிள்ளைகள் விளையாடும் படமொன்றைத் தினமும் எடுத்துத் தாய்மார்களின் வாட்ஸப் குழுவில் போடுவது எங்கள் வழக்கம். ஒருநாள் படத்தில், கூடத்தின் நடுவே பிள்ளைகள் வட்டமாக அமர்ந்திருந்தார்கள். பின்னால், வராந்தாவின் அழிக்கதவுக்கு வெளியே, கம்பியைப் பிடித்தபடி ஆதிரா தனியாக நின்றாள். படமெடுக்கும்போது என் கண்ணில் படாதது, சோற்று நேரத்தில் தாய்மார்கள் அனைவரின் கண்ணிலும் பட்டது.

நான் ஆலையின் உணவுக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வழக்கு முற்றியிருந்தது.

“எக்க பிள்ளைய வெளிய நிறுத்திப்போட்டு எல்லாரும் உள்ள இருந்து விளையாடுது. பாத்தியளா? நானும் தல்லுல கெடந்தவதான? அப்பம் இல்லாத ஒதுக்கம் இப்பம் எங்கேருந்து வந்துது?” என்றார் சுஜா, கைப்பேசியை நீட்டிக்கொண்டு.

ஜெஸ்லினின் தாய் புஷ்பம் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. “பீலிங்குக்குப் போனதும் பெரிய ஆபீசர் ஆயாச்சு இல்லியா? எங்க பிள்ளையளுக்கு ஒனக்க பிள்ளையக் கண்டா பேடியா இருக்கும்.”

“நீ பிள்ளைக்கிட்ட என்னத்தப் பறஞ்சு குடுத்தியோ!”

“ஏட்டி, எனக்க பிள்ளைக்குப் பல்லுத் தேய்க்கச் சொன்னாலே கேக்காது. ஒனக்க பிள்ளைய ஒதுக்கச் சொன்னா மட்டும் ஒடனே கேட்டுருமோ?”

சுற்றியிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். சுஜாவும் சிரிக்காமலிருக்கப் பாடுபட்டார். ஆனால் சிரிப்பு அடங்கியதும் மேசைப் பக்கத்துப் பெண்கள் ஒருபுறமும் தல்லுப் பெண்கள் ஒருபுறமுமாக அமர்ந்திருந்தது அப்படியே இருந்தது. மேசை வேலைக்கும் தரை வேலைக்கும் நடுவே உள்ள ஏற்றத்தாழ்வு அந்த ஆலையில் புதிதன்று. அது பிள்ளைகளிடமும் இறங்கிவிட்டது என்றே எல்லாரும் நம்பினார்கள். நான் படித்த படிப்பும் அதையே சொன்னது. அன்று முதல் படங்களைக் குழுவில் போடுவதை நிறுத்தினேன். அந்தந்தப் பிள்ளையின் படத்தை அந்தந்தத் தாய்க்கு மட்டும் அனுப்புவதென்று வைத்துக்கொண்டேன்.

4. ஆணையிட்ட நட்பு

என்முன் சில வழிகள் இருந்தன. ‘ஆதிராவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று பிள்ளைகளுக்கு ஆணையிடலாம். ஜெஸ்லினைக் கூப்பிட்டுக் கண்டிக்கலாம். அவர்கள் விளையாடும் விளையாட்டையே நிறுத்திவிட்டு, எல்லாரும் கைகோத்து ஆடும் பாட்டொன்றைக் கொண்டுவரலாம். ஒவ்வொன்றும் என்ன விளைவைத் தரும் என்று எண்ணிப் பார்த்தேன்.

ஆணையிட்ட நட்பு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். பயிற்சிக் காலத்தில் நான் இருந்த ஒரு மழலையர் பள்ளியில், சண்டையிட்ட இரண்டு பையன்களை ஆசிரியை ஒருவர் தோள்மேல் கைபோட்டு நிற்கச் சொன்னார். அவர்களும் நின்றார்கள். ஆசிரியை திரும்பியதும், தோளில் கிடந்த அதே கையால் ஒருவன் மற்றவனின் காதைத் திருகினான். திருகப்பட்டவனும் கையை எடுக்கவில்லை. டீச்சர் எடுக்கச் சொல்லவில்லையே! கீழ்ப்படிதல் இருவரிடமும் முழுமையாக இருந்தது.

அதைவிடப் பெரிய கவலை வேறு. நான் ஜெஸ்லினைக் கண்டித்தால், ஆதிராவால்தான் திட்டு வாங்கினோம் என்று அவள் நினைப்பாள். முட்டையின் மஞ்சளை மாற்றிக்கொண்ட நட்பில் மிச்சமிருந்ததும் போய்விடும். விளையாட்டை நிறுத்தினால் மற்றப் பிள்ளைகள் அனைவரும் அவளைப் பழிப்பார்கள். எனவே எதையும் செய்யாமல் முதலில் பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஓணத்துக்கு அதிக நாள் இல்லை. பார்ப்பதற்கு நான் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு காலையும் ஆதிராவின் கணக்கிலிருந்துதான் கழிந்தது. அதைத் தெரிந்தேதான் செய்தேன்.

5. ஆள் ஃபுல்

மறுநாள் காலை, ரோஸ்லி அக்காவுக்குப் பயற்றங்காய் நறுக்கிக் கொடுப்பதுபோலக் கூடத்தின் மூலையில் அமர்ந்துகொண்டேன்.

பிள்ளைகளின் விளையாட்டுக்குப் பெயர் ‘ஆபீஸ்’. தோட்டங்களில் ரப்பர் கொட்டை வெடித்து விழும் பருவம் அது. காப்பகத்தின் பின்வேலியை ஒட்டி ரப்பர் மரங்கள் நின்றதால், பளபளவென்று புள்ளி போட்ட கொட்டைகள் எங்களுக்குக் குறைவின்றிக் கிடைத்தன. வாயில் வைத்தால் விளையாட்டு அந்த இடத்திலேயே நின்றுவிடும் என்பது விதி. மிகச் சிறிய பிள்ளைகளுக்கு அந்தக் கூடத்தில் அனுமதி கிடையாது. முதல் அலைப் பிள்ளைகள் வந்ததும் வாளியிலிருந்த கொட்டையைக் கொட்டி, தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்துத் தட்டத் தொடங்கினார்கள். அபின் என்ற சிறுவன் ஆலையின் சங்கு. வாயைக் குவித்து ஊதுவதைத் தவிர அவனுக்கு வேறு வேலை இல்லை. அதை அவன் மிகுந்த பொறுப்போடு செய்தான். தோளில் துண்டோடு நடந்த ஜெஸ்லின்தான் மேஸ்திரி.

வெயில் ஏறியது. சுஜா ஆதிராவை விட்டுவிட்டுப் போனார். ஆதிரா செருப்பைக் கழற்றிவிட்டு அழிக்கதவருகே வந்தாள். ஜெஸ்லின் உள்ளிருந்தபடியே இரண்டு கைகளையும் விரித்து, சசி அண்ணனின் குரலிலேயே சொன்னாள்: “ஆளு ஃபுல்லு. நாளைக்கு வா.”

எனக்குச் சட்டென்று விளங்கியது. கொட்டை வரத்துக் குறைந்த நாள்களில், அன்றன்றைக்கு வேலைக்கு எடுக்கும் பெண்கள் ஆலையின் கேட்டுக்கு வெளியே காத்து நிற்பார்கள். வேண்டிய ஆட்களை உள்ளே விட்டபின் சசி அண்ணன் மற்றவர்களிடம் சொல்லும் வார்த்தை அது. வெள்ளென வரும் பிள்ளைகள் தாயின் இடுப்பிலிருந்து அடிக்கடி கேட்ட வார்த்தை.

ஆதிரா கம்பியைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். அவளைத் தூக்கி ரோஸ்லி அக்காவிடம் கொடுத்துவிட்டு, நான் ஜெஸ்லினின் அருகில் போய் அமர்ந்தேன்.

“ஜெஸ்லின் மக்களே, ஆதிராவ ஏன் சேக்கல்ல?”

“யாரு சேக்கல்ல?” அவள் உண்மையிலேயே வியந்தாள்.

“அவ வெளிய நிக்காளே.”

“டீச்சரே, அவளும் ஆபீசுதான விளையாடுதா! அவ வேல கேட்டு வெளிய நிக்குத ஆளாக்கும். அவ நின்னாத்தான நான் ‘ஆளு ஃபுல்லு’ன்னு பறய முடியும்?”

“ஆனா அவ கரையுதாளே, பிள்ளே.”

“ஆமா” என்றாள் ஜெஸ்லின், மெச்சும் குரலில். “நல்லாக் கரைவா. கேட்டுல நிக்குத மாமியளும் கரைவாவ.”

பெரியவர்கள் நாங்கள் ஒதுக்கம் என்றும் ஏற்றத்தாழ்வு என்றும் வழக்காடிக்கொண்டிருந்த செயலில், தன் தோழிக்கு மிக முக்கியமான வேடத்தைக் கொடுத்திருப்பதாக ஜெஸ்லின் நம்பியிருந்தாள். தாமதமாக வருகிறவள் கேட்டுக்கு வெளியே நிற்பவள். ஆலையில் அப்படித்தானே நடக்கிறது? தோழியும் அந்த வேடத்தைக் குறைவின்றிச் செய்கிறாள். ஆதிராவுக்கு மட்டும்தான் அது விளையாட்டு என்று தெரியவில்லை.

6. கேட்டருகே இரண்டு பேர்

அன்று பிற்பகல் ஆதிராவை மடியில் வைத்துக்கொண்டு விளக்கினேன். அவள் முழுவதும் கேட்டாள். பிறகு தெளிவாகச் சொன்னாள்: “எனக்கு அந்த வேல வேண்டாம்.”

நியாயமான பேச்சு. மூக்கில் சளி ஒழுக, பிறர் விளையாட்டில் வெறும் வேடமாக இருக்க யாருக்குத்தான் விருப்பம்? வேடத்தை மாற்றித் தரும்படி நான் ஜெஸ்லினிடம் கேட்டிருக்கலாம். அதுவும் ஆணையாகவே முடிந்திருக்கும். எனவே மறுநாள் காலை நானும் போய் ஆதிராவின் பக்கத்தில் கேட்டருகே நின்றேன்.

“மேஸ்திரி அண்ணா, எனக்கும் வேல வேணும்” என்றேன்.

ஜெஸ்லின் என்னை மேலும் கீழும் பார்த்தாள். டீச்சரையே திருப்பி அனுப்பும் வாய்ப்பு வாழ்க்கையில் எத்தனை முறை வரும்? “ஆளு ஃபுல்லு. நாளைக்கு வா” என்றாள், வழக்கத்தைவிட உரக்க. உள்ளே ஒரே சிரிப்பு.

நான் படியில் அமர்ந்தேன். ஆதிராவும் அமர்ந்தாள். பக்கத்தில் துணை இருந்ததாலோ என்னவோ, அவள் அன்று அழவில்லை.

“நமக்கு எப்பம்தான் வேல கெடைக்கும், ஆதிரா?”

அவள் யோசித்தாள். தல்லுக்காரியின் மகளாக இருந்தவள். ஆலையின் நடைமுறை அவளுக்கும் தெரியும். “லோடு வரணும்” என்றாள். “லாரியில லோடு வந்தா எல்லாரையும் விளிப்பாவ.”

“அந்த லோடை யாரு கொண்டு வருவா?”

இதற்குமேல் நான் எதுவும் சொல்லவில்லை. அவள் சிறிது நேரம் என் முகத்தையும், பின்வேலிப் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து போனாள். வேலியோரம் கமுகின் காய்ந்த பாளையொன்று விழுந்து கிடந்தது. மட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், வந்தது. ரப்பர் மரங்களின் அடியில் சிதறியிருந்த கொட்டைகளைப் பொறுக்கிப் பாளையின் அகன்ற பகுதியில் போடத் தொடங்கினாள். இரண்டாம் அலையில் வந்து, ஆபீஸ் பக்கம் போகாமல் முற்றத்திலேயே விளையாடும் கிரேடிங் பெண்களின் பிள்ளைகள் இருவர் என்ன ஏதென்று கேட்காமலே உடன் சேர்ந்து பொறுக்கினார்கள்.

சற்று நேரத்தில் முற்றத்து மண்ணில் பாளை சரசரக்கும் ஒலியும், அதைவிடப் பெரிதாக ஆதிராவின் ஹாரன் ஒலியும் கேட்டன. “லோடு வந்துட்டு! கேட்டத் தொறங்க! லோடு வந்துட்டு!”

ஜெஸ்லின் திகைத்து நின்றாள். ‘ஆள் ஃபுல்’ என்று ஆளிடம் சொல்லலாம். லோடிடம் சொல்ல முடியாது. எந்த மேஸ்திரியும் லாரிக்கு முன்னால் கேட்டை மூடி வைத்ததை அவள் பார்த்ததில்லை. அவள் முடிவெடுப்பதற்குள் அபின் சங்கை ஊதிவிட்டான். சிரட்டைகளைப் போட்டுவிட்டு எல்லாரும் கதவுக்கு ஓடினார்கள்.

“நில்லுங்க, நில்லுங்க!” ஜெஸ்லின் துண்டை உதறி அதிகாரத்தை மீட்டுக்கொண்டாள். “லோடு எறக்கணும். ஆளு பத்தாது. ஆதிரா, நீயும் உள்ள வா. டீச்சரே, நீங்களும் வாங்க!”

எனக்கும் அன்று வேலை கிடைத்தது. ஆனால் நான் பயற்றங்காய் நறுக்கப் போய்விட்டேன். என் தேவை அங்கே முடிந்திருந்தது.

7. காத்திருப்பு திசை மாறியது

ஒருநாளில் எல்லாம் சரியாகிவிட்டதாக எழுதினால் அது உண்மையாகாது. மறுநாளும் ஜெஸ்லின் பழக்கத்தில் கையை விரித்தாள். ஆதிராவின் உதடும் பிதுங்கியது. ஆனால் அவள் கம்பியைப் பிடிக்கவில்லை. நேராகப் பாளையைத் தேடிப் போனாள்.

நானும் ரோஸ்லி அக்காவும் செய்த மாற்றம் ஒன்றுதான். மாலையில் கொட்டைகளை வாளியில் அள்ளிக் கூடத்திலேயே வைப்பதற்குப் பதிலாக, பின்வேலி மரங்களின் அடியிலேயே திரும்பக் கொட்டிவிட்டோம். வெள்ளென வரும் பிள்ளைகள் சிரட்டையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு அமர்ந்தார்கள், தட்டுவதற்கு ஒன்றுமில்லை. முற்றத்தில் பனி காயாமல் அந்நேரம் அவர்களை வெளியே விடுவதில்லை. கல்லை அடுக்கினார்கள், பாய் விரித்தார்கள், கூலிக்குச் சண்டையிட்டார்கள். ஆனால் ஆபீஸ் தொடங்க லோடு வர வேண்டும். லோடு வர, வெயில் ஏறிய பிறகு வரும் பிள்ளைகள் வர வேண்டும்.

அதற்குப் பின் அழிக்கதவின் உள்பக்கம் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தவர்கள் முதல் அலைப் பிள்ளைகள். “வந்துட்டு, ஆதிரா வந்துட்டு!” என்று அபின் சங்குக்கு முன்பே கத்திவிடுவான்.

ஒருநாள் சோற்று நேரத்தில் புஷ்பம் என்னை நிறுத்தினார். “டீச்சரே, எக்க பிள்ள வீட்டுல வந்து, ‘ஆதிரா வரதுக்கு நேரமாவுது, நாங்க சும்மா இருக்கோம்’னு ஒரே பராதி. பீலிங்க வெள்ளெனத் தொடங்கச் சொல்லி மானேஜர்கிட்டப் பறயுங்க” என்றார், சுஜாவின் காதில் விழும்படி.

“தொடங்கலாம்! நீங்க ராத்திரியே வந்து தல்லி வச்சியன்னா தொடங்கலாம்” என்றார் சுஜா. அன்றும் அவர்கள் தனித்தனி வரிசையில்தான் அமர்ந்திருந்தார்கள். ஆனால் ஒரு வரிசையிலிருந்து மறு வரிசைக்கு நார்த்தங்காய் ஊறுகாய் போனதைப் பார்த்தேன்.

8. திருவட்டாற்றிலிருந்து வந்த பை

இருந்தும் சுஜா, பிள்ளையைக் கொண்டுவிடுவதாக நாத்தூனிடம் கொடுத்த வாக்கைத் திரும்பப் பெறவில்லை. ஓண விடுமுறையில் ஆலை மூடும். இத்தனை நாள் விட்டுவிட்டு வந்தால் பிள்ளை மறுபடி அழுமோ என்று அவர் பயந்தார். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. விடுமுறை, பழக்கத்தை அறுத்துவிடக்கூடியது.

ஆலை திறந்த நாளில் நாத்தூன் சரசம் நேராகக் காப்பகத்துக்கே வந்துவிட்டார். கையில் புதுப் பை ஒன்று. ஆதிராவின் துணிமணி வைக்க. ஏத்தன் வாழைக்காய் வறுவலும் ஒரு பொட்டலம் இருந்தது. வளர்ந்த மகன்கள் வேலைக்கு வெளியூர் போய்விட்ட வீடு அவருடையது. பிள்ளையை அழைத்துப் போவதில் அவருக்குக் கடமையோடு ஆசையும் இருந்தது என்பது அந்தப் பையைப் பார்த்ததும் தெரிந்தது.

“வா மோளே, மாமி வீட்டுக்குப் போவம். அங்க ஆடு நிக்கு, குட்டி போட்டிருக்கு” என்றார்.

ஆதிரா அப்போது பாளையில் பாதி லோடு ஏற்றியிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. ஓடி வந்து மாமியைக் கட்டிக்கொண்டாள், வறுவலில் ஒரு கை அள்ளிக்கொண்டாள், பிறகு, “மாமி, இஞ்ச இரிங்க. நான் லோடு எறக்கிட்டு வாறேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சரசம் வராந்தாவில் அமர்ந்தார். ஒரு லோடு இறங்கியது. இன்னொன்று போயிற்று. நடுவில் பாளை கிழிந்து கொட்டை சிதற, ஜெஸ்லினும் ஆதிராவும் யார் பொறுக்குவது என்று சண்டையிட்டு, சேர்ந்து பொறுக்கினார்கள். சரசம் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். சாயா இடைவேளையில் சுஜா கலங்கிய முகத்தோடு வந்தபோது, பை சரசத்தின் மடியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

“ஏட்டி சுஜா, இவளக் கொண்டுபோயி நான் என்ன செய்ய? அங்க எனக்க மூஞ்சியப் பாத்துட்டுல்லா இருக்கணும். இஞ்ச அவளுக்குச் சோலி கெடக்கு” என்றார். “ஞாயித்துக்கெழம நீ அவளக் கொண்டு வா. ஆட்டுக்குட்டியப் பாக்கட்டும். இந்த மேஸ்திரிப் பெண்ணையும் கூட்டிட்டு வா” என்று சேர்த்துக்கொண்டார்.

சங்கு ஊதியது, இம்முறை ஆலையின் உண்மையான சங்கு. சுஜா முகத்தைத் துடைத்துக்கொண்டு மேசைக்குப் போனார். அன்று மாலைவரை அவரை அழைக்க யாரும் போக வேண்டியிருக்கவில்லை.

9. புதிதாகச் சேர்பவர்களுக்கு

இந்த அனுபவத்தை எல்லாவற்றுக்கும் மருந்தாக நான் தரவில்லை. விளிம்பில் நிற்கும் பிள்ளைகளுள் சிலர் உண்மையாகவே ஒதுக்கப்பட்டவர்கள். நிறத்தையோ வீட்டையோ சொல்லிப் புண்படுத்தும் பேச்சு ஒரு பிள்ளையின் வாயிலிருந்து வந்தால், அங்கே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே தடுக்க வேண்டும். மேசை வேலைக்கும் தரை வேலைக்கும் உள்ள இடைவெளியை ரப்பர் கொட்டையால் நிரப்பிவிட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அது பெரியவர்கள் பெரியவர்களிடம் பேசித் தீர்க்க வேண்டியது.

ஆனால் ஒரு பிள்ளை வெளியே நிற்பதைக் காணும்போது, காரணத்தை உங்கள் படிப்பிலிருந்து எடுக்குமுன் உள்ளே இருக்கும் பிள்ளைகளிடம் ஒருமுறை கேளுங்கள்: உங்கள் விளையாட்டில் அவள் யார்? அவர்கள் சொல்லும் விடை நம்மைத் தலைகுனியவும் வைக்கலாம், சிரிக்கவும் வைக்கலாம். எதுவாயினும் அங்கிருந்துதான் தொடங்க முடியும்.

பிறகு, அந்தப் பிள்ளைக்காக இடம் கேட்டுக் கெஞ்சாதீர்கள். கெஞ்சிப் பெற்ற இடம், நாம் திரும்பியதும் பறிபோகும். அவள் வந்தால்தான் தொடங்கும் என்கிற ஒன்றை அந்தக் கூடத்தில் உண்டாக்குங்கள். மீதியைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.